டங்ஸ்டன் டைலின் முதல் பிரதி

சூரியனைப் பூமியிலேயே எரியவைத்து மின்சாரம் எடுத்துவிட வேண்டும் என்று உலகத்து விஞ்ஞானிகள் வெகுகாலமாக மெனக்கெடுகிறார்கள். அந்தச் சூட்டுக்கு அடுப்பே உருகிவிடும் என்பதுதான் இடைஞ்சல். அடுப்பின் உட்சுவரில் பதிப்பதற்கு ஒரு டைல் செய்துகொண்டிருந்தார் முனைவர் ஸ்ரீலட்சுமி. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையம். தீப்பெட்டி அளவு டங்ஸ்டன் டைல். செய்ததெல்லாம் உலையில் வெடித்துப் போக, ஒன்றே ஒன்று கீறல் விழாமல் பிழைத்தது. அன்று வில்லாபுரத்து வீட்டில் அவர் அம்மா ராதாமணி கேசரி கிண்டினார்.

டைலை குஜராத்தில் ஒரு சோதனை எந்திரத்தில் வைத்துப் பார்க்க திங்கட்கிழமை முறை கிடைத்திருந்தது. தவறவிட்டால் வருஷக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். நெசவாளர்களான தன் முன்னோர் பட்டுநூலோடு மதுரைக்கு நடக்கக் கிளம்பிய தேசத்துக்கு டைலோடு பறந்து போகிறோம் என்று ஸ்ரீலட்சுமிக்கு ஒரே பூரிப்பு. அனுமதி கேட்டு நிர்வாக அதிகாரி நல்லகாமனிடம் போனார்.

"ரொம்ப சந்தோஷம்மா. வெளியீட்டு விழா எப்ப?"

"என்ன விழா சார்?"

"இங்கருந்து எது வெளிய போனாலும் முறைப்படி வெளியிட்டுத்தான் போகணும். ராஜகுரு சார் கட்டுரைத் தொகுப்பை அப்படித்தானே வெளியிட்டோம்?"

"அது புத்தகம் சார். இது டைல்."

"விதியில புத்தகம்னு தனியாப் போடலையேம்மா. சனிக்கிழமை வெச்சுக்கிருவோம். ஒருத்தர் வெளியிடணும், ஒருத்தர் முதல் பிரதி வாங்கணும்."

"பிரதியே கிடையாது சார். இருக்கிறதே ஒண்ணுதான்."

"இருந்துட்டுப் போகட்டும். அதுதானே முதல்?"

ஸ்ரீலட்சுமி டைலைச் சுற்ற வண்ணத்தாள் வாங்கப் போனார்.

சனிக்கிழமை வாசலில் ஃபிளெக்ஸ் நின்றது. நடுவில் கொதிக்கும் சூரியன்; சூரியனுக்குள் சிறப்பு விருந்தினரான உயரதிகாரியின் சிரித்த முகம். ஸ்ரீலட்சுமியின் பெயர் அச்சகத்தாரின் போன் நம்பருக்கு மேலே கிடந்தது. "மதுரைக்குப் பகல்ல மட்டும்தான் வெயில் என்ற அவல நிலை இனி மாறும்" என்று உயரதிகாரி முழங்க, கூட்டம் கைதட்டியது. வண்ணத்தாள் பிரித்து டைலை அவர் வெளியிட, மதிய பிரியாணிக்குப் பொறுப்பேற்றிருந்த டைல்ஸ் கடை அதிபர் முத்துப்பாண்டி முதல் பிரதியைப் பெற்றுக்கொண்டார். போட்டோ எடுத்தார்கள். பிரியாணி முடிந்ததும் அவர் டைலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"சார், டைலைக் கொண்டு போறாரு!"

"முதல் பிரதி வாங்குனவரு கொண்டுதாம்மா போவாரு. மேடையில குடுத்துட்டு வாசல்ல பிடுங்குனா நிலையத்துக்கு மரியாதையா?"

"அப்ப திங்கக்கிழமை நான் எதைக் கொண்டு போறது?"

"மிச்சத்தைக் கொண்டு போங்க."

மறுநாள் காலையிலேயே ஸ்ரீலட்சுமி முத்துப்பாண்டியின் வீட்டுக்கு ஓடினார். அவரோ பெருமையோடு நேரே சமையல்கட்டுக்குக் கூட்டிப் போனார். கேஸ் அடுப்புக்குப் பின்சுவரில், சிமெண்ட் வைத்துப் பூசி, டைல் பதிந்திருந்தது.

"சூட்டைத் தாங்கும்னு சொன்னாகள்ல? நேத்தே கொத்தனாரை விட்டுப் பதிச்சுட்டேன். ராத்திரிக் கறிக்குழம்பு அம்புட்டுக் கொதி கொதிச்சும் ஒரு கீறல் இல்லை, டாக்டரம்மா!"

உளி வைத்தால் டங்ஸ்டன் உடைந்துவிடும் என்பது ஸ்ரீலட்சுமிக்குத் தெரியும். கண்ணில் நீர் முட்டியது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து முத்துப்பாண்டியின் மனைவி அன்னக்கொடி காபி கொடுத்தார்.

திங்கட்கிழமை போயே போய்விட்டது. ஆனால் நல்லகாமன் சும்மா இருக்கவில்லை. 'களச் சோதனையில் டைல் முழு வெற்றி' என்று மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் மகிழ்ந்து ஸ்ரீலட்சுமிக்கு விருது அறிவித்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் மேடையேறினார். அதற்குள் சால்வையைப் போர்த்திவிட்டார்கள். சால்வை நன்றாகவே இருந்தது.

அடுத்து, பக்கத்து ஆய்வகத்து சிவக்குமார் படாதபாடு பட்டு ஒரே ஒரு புதுவகை பேட்டரி செய்தார். முறைப்படி விழா நடந்தது. முதல் பிரதி பெற்றவர், விருதுபெற்ற விஞ்ஞானி ஸ்ரீலட்சுமி. மேடையில் சிவக்குமார் பேட்டரியைப் பிடித்த பிடியை விடவில்லை. ஸ்ரீலட்சுமி கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

பேட்டரி இப்போது வில்லாபுரத்து வீட்டு ஷோகேஸில், விருதுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒருநாள் சிவக்குமார் வாசலில் வந்து, நாளை மறுநாள் பெங்களூரில் சோதனை இருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

ஸ்ரீலட்சுமிக்கு உண்மையாகவே ஆச்சரியமாக இருந்தது.

"நான் முதல் பிரதியைத்தானேண்ணே வாங்கினேன்? மிச்சமெல்லாம் உங்ககிட்டதானே இருக்கு!"