ஹவா புகாத வீடு

அறிவியல் ஆசிரியை இருக்கும் வீட்டில் விரிசல் அடைக்கும் மக்கு டப்பாவை வைத்திருக்கக் கூடாது. (தீப்பெட்டி வைத்திருக்கலாம். அது அவ்வளவு ஆபத்தில்லை.) விஷயம் தெரியாதவர்கள் ஒரு வேலையில் இறங்கும்போது கொஞ்சம் பயப்படுவார்கள், நாலு பேரைக் கேட்பார்கள். ஆசிரியைகளான எங்களுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. கேட்க வேண்டியவர்கள் எல்லாம் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற நினைப்பு, பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்த பிறகும் போகாது.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் புனேயில், கட்கியில் குடியிருந்தோம். கல்லால் கட்டிய பழைய பங்களா. அதை நடுவே சுவர் வைத்துத் தடுத்து, ஒரு பாதியை எங்களுக்கும் மறு பாதியை சுலபா காகு என்ற மராத்திக்கார அம்மாளுக்கும் வாடகைக்கு விட்டிருந்தார்கள். என் கணவருக்கு ஆகுர்டியில் ஒரு வண்டித் தொழிற்சாலையில் வேலை. எனக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம்.

வீடு பார்க்க அழகு. ஆனால் மூடுவது என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. ஓட்டுக்கூரைக்குக் கீழே இருந்த மரப்பலகைகள் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டதுபோல் விலகி நிற்கும். ஜன்னல் கதவுகள் சட்டத்தைத் தொடாது. வாசல் கதவுக்கு அடியில் எலி குனியாமல் நடந்து வரலாம். (வந்தது.)

அந்த டிசம்பரில் திருநெல்வேலியிலிருந்து என் மாமியார் வந்தார். வாழ்நாளில் போர்வையைத் தலையணைக்கு உறையாக மட்டுமே பயன்படுத்தியவர். வந்த மறுநாள் காலை, என் கணவரின் ஸ்வெட்டருக்குள்ளிருந்து முகத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு சொன்னார்.

"வெளிய குளிருதுன்னா வீட்டுக்குள்ள வந்துரலாம். வீட்டுக்குள்ளயே குளிருதுன்னா நான் எங்கிட்டுப் போவேன், வசந்தி?"

கல்யாணமான முதல் வருஷம். மாமியார் விறைத்துப்போய் ஊர் திரும்பினால் என் பெயர் என்ன ஆவது? அந்த சனிக்கிழமையே வேலையில் இறங்கினேன்.

ஊதுவத்தியை ஏற்றிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினேன். புகை நேராக எழுந்தால் விட்டுவிடுவேன், வளைந்தால் அங்கே ஓட்டை. புகை எங்குமே நேராக எழவில்லை. ஜன்னல் சட்டங்களில் ஸ்பாஞ்சுப் பட்டை ஒட்டினேன். சுவர் விரிசல்களில் மக்கை அப்பினேன். பழைய புடவைகளைச் சுருட்டி, மணல் அடைத்து, கதவுகளுக்கு அடியில் பாம்புகளைப் போலக் கிடத்தினேன். கூரைப் பலகைகளுக்கு மேல் தெர்மோகோல் அட்டைகளைப் பரப்ப என் கணவரை ஏற்றிவிட்டேன். கடைசியாகக் குளியலறை. மேலே இருந்த வென்டிலேட்டரில் ஒரு கண்ணாடிப் பட்டை உடைந்து, அது வழியாகக் கத்தி போல் குளிர் இறங்கும். கெட்டியான பிளாஸ்டிக் தாளை வைத்து, நாலு பக்கமும் மக்கு பூசி, அழகாக அடைத்தேன். குளியலறைக் கதவின் அடியில் ரப்பர் பட்டை ஒன்றும் அடித்தேன். என் தலைக்கு நேர் மேலே சுவரில், வெந்நீர் போடும் கேஸ் கீசர் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் தூசி இருந்ததைப் பார்த்துத் துடைத்தேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

"அத்தை, இனிமே ஹவா உள்ள வராது. எல்லாத்தையும் பந்த் பண்ணிட்டேன்" என்றேன். (கட்கியில் பிறந்து வளர்ந்த என் தமிழ் அப்படித்தான் இருக்கும்.)

"யாரு ஹவா? பக்கத்து வீட்டுக்காரியா?"

"இல்ல அத்தை. காத்து."

அத்தை என்னைக் கூர்ந்து பார்த்தார். அவர் ஊரில் காற்று என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் அதற்குக் காத்து கருப்பு என்று அர்த்தம். நான் குரலைத் தாழ்த்தவில்லைதான். ஆனால் அன்று எனக்குத் தொண்டை கட்டியிருந்தது.

வீடு கதகதப்பானது. அத்தை ஸ்வெட்டரைக் கழற்றினார். நான் பெருமையில் மிதந்தேன். ஆனால் வீட்டில் ஏதோ ஒன்று மாறியிருந்தது. முன்பெல்லாம் கட்கி ஸ்டேஷன் ரயில், தெருவில் காய்கறி விற்பவரின் குரல், காகுவின் குக்கர் எல்லாம் எங்கள் கூடத்தில்தான் கேட்கும். இப்போது ஒன்றுமில்லை. காதில் பஞ்சை வைத்தது போன்ற அமைதி. பேசினால் நம் குரலே யாரோ பக்கத்தறையில் பேசுவதுபோல் வந்தது. அத்தை அடிக்கடி "ம்?" என்று திரும்புவார். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டோம்.

பிறகு கதவு. என் கணவர் வேலைக்குக் கிளம்பி வாசல் கதவைச் சாத்தினார். வீட்டின் கடைசியில் இருந்த குளியலறைக் கதவு மெல்லத் திறந்தது. உள்ளே யாரும் இல்லை. மறுநாளும் அப்படியே. யார் வெளியே போனாலும், அந்த நொடியில் பின்னால் யாரோ உள்ளே போவதுபோல அந்தக் கதவு திறக்கும்.

"அது காற்றழுத்தம், அத்தை" என்று ஆரம்பித்து முழுப் பாடத்தையும் நடத்தினேன்.

"சரி. அளுத்தம்னே வச்சிக்கிடுவோம். திறந்த கதவச் சாத்திட்டும்லா போவணும்? சாத்த மாட்டேங்குதே" என்றார்.

சாயங்காலம் வெளிச்சம் மங்கும் நேரத்தில் இன்னொன்று தொடங்கியது. ஒரு முனகல். எல்லா வழியும் அடைபட்ட காற்று, நான் மறந்துவிட்ட ஒரே ஒரு சாவித் துவாரத்தில் நுழைந்து அழுதது. எனக்குக் காரணம் தெரியும். தெரிந்தும், அது ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுவதுபோல்தான் கேட்டது. எழுந்து போய் அந்தத் துவாரத்தில் பஞ்சு அடைக்க எனக்குக் கால் வரவில்லை. ஏற்கனவே அடைத்தது போதும் என்று யாரோ சொல்வதுபோல் இருந்தது.

அந்த வாரத்தில் ஒரு நாள் அத்தை குளித்துவிட்டு வெளியே வந்தபோது முகம் வெளிறியிருந்தது. தலை விண்விண்ணென்று தெறிப்பதாகச் சொன்னார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மூலையில ஒருத்தி நிக்கா, வசந்தி."

"யாரு?"

"முகம் தெரியல. என்னயவே பாக்கா. பேரச் சொல்லிக் கூப்பிடுதா."

நான் சிரித்தேன். ஆனால் அன்று முதல் என் கணவர் குளிக்கும்போது உரக்கப் பாட ஆரம்பித்தார். அதுவரை அவர் பாடி நான் கேட்டதில்லை. (கேட்டபின் அதற்கான காரணம் புரிந்தது.) அவருக்கும் தலைவலி. எனக்கும் தலைவலி. நான் பரீட்சைத் தாள்களைக் குறை சொன்னேன்.

அத்தை என்னை இழுத்துக்கொண்டு போய் சுலபா காகுவிடம் விசாரித்தார். நான்தான் மொழிபெயர்ப்பு. ஆமாம், எங்களுக்கு முன்னால் அந்தப் பாதியில் ஒரு விதவை தனியாக இருந்தாளாம். இறந்துவிட்டாளாம்.

"எங்க வச்சு செத்தாளாம்? குளிக்கிற ரூமுலயா?"

கேட்டேன். "நாக்பூரில், மகள் வீட்டில்" என்றார் காகு.

அத்தை கொஞ்சமும் தளரவில்லை. "ரயில் ஏறி வந்திருப்பா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அத்தை தலை நிறைய எண்ணெய் வைத்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருந்தார். "நீ மொதல்ல போயிட்டு வா. எனக்கு நேரமாவும்" என்றார். நைட்டியோடு உள்ளே போனேன். கதவைத் தாழிட்டேன். கீசர் புஸ்ஸென்று பற்றிக்கொண்டது. அதன் சின்னக் கண்ணாடிக்குள் தீ மஞ்சளாக ஆடியது.

தலையில் ஷாம்பு தேய்த்துக்கொண்டிருந்தேன். ஆவி அறை முழுக்க நிறைந்தது. நெற்றிப்பொட்டு தெறித்தது. நைட்டி நனைந்து கனத்தது. பிறகு கையும் கனத்தது. மூலையில் ஆவி ஒன்றாகத் திரண்டு ஓர் ஆள் உயரத்துக்கு நின்றதுபோல் இருந்தது. மிகத் தெளிவாக, மிக அன்பாக, "வசந்தி" என்று கேட்டது. எனக்குப் பயமே வரவில்லை. அதுதான் இன்று நினைத்தாலும் உடம்பைச் சில்லிட வைக்கிறது. "இரு, வரேன்" என்று பதில் சொன்னேன். உட்கார்ந்துகொள்ளலாம் என்று தோன்றியது. கையிலிருந்த சொம்பு நழுவி விழுந்தது. அந்தச் சத்தம் வெகு தூரத்தில், வேறு யார் வீட்டிலோ கேட்டது.

"வசந்தி! யாருகிட்ட பேசுத?" கதவு படபடவென்று தட்டப்பட்டது. "திறட்டி!"

எழ நினைத்தேன். தாழ்ப்பாள் எந்தச் சுவரில் இருக்கிறது என்று தெரியவில்லை.

பிறகு நடந்ததை என் கணவர் சொல்லித்தான் தெரியும். அவர் கதவில் தோளைக் கொடுத்து மோதிக்கொண்டிருக்க, அத்தை சமையலறைக்கு ஓடி, ஊரிலிருந்து கொண்டுவந்த இரும்புச் சிற்றுலக்கையை எடுத்தார். கொல்லைப்பக்கம் போய், துணி துவைக்கும் கல்லின் மேல் ஏறி நின்று, நான் அருமையாக அடைத்த வென்டிலேட்டரை ஓங்கி ஓங்கி அடித்தார். என்னை வெளியே எடுப்பதற்கு அல்ல. மூலையில் நின்ற அவளுக்கு வெளியே போக வழிவிடுவதற்கு.

"போயிரு! இந்த வழியாப் போயிரு! எம்புள்ளய விட்டுட்டுப் போயிரு!"

கண்ணாடி உடைந்து விழுந்தது. பிளாஸ்டிக் கிழிந்தது. புனேயின் டிசம்பர் காற்று முகத்தில் அறைந்தது. நான் பல தடவை மூச்சை இழுத்தேன். தாழ்ப்பாள் இருந்த இடத்திலேயே இருந்தது. திறந்தேன். என் கணவரைத் தள்ளிக்கொண்டு கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, தெருவுக்கு ஓடினேன்.

தெருவில் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தது.

சொட்டச் சொட்ட நைட்டி. தலையில் முழம் உயர ஷாம்பு நுரை. வெறுங்கால். பந்து உருண்டு வந்து என் காலடியில் நின்றது. பதினோரு பேரும் (எதிரணியும்) நேராக நிமிர்ந்து நின்று, பள்ளியில் பழகிய ராகத்தில், "குட் மார்னிங், மிஸ்!" என்றார்கள்.

நான், அவர்களுடைய அறிவியல் ஆசிரியை, "பூத்! பூத் ஹை அந்தர்! பேய்!" என்று அலறினேன்.

"மிஸ், பூத் எல்லாம் கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று விக்கெட் கீப்பர் ஹிந்தியில் கேட்டான். நியாயமான கேள்வி. நான் நடுத்தெருவில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

"காய் ஜாலா, தாயீ?" என்று, என்ன ஆச்சு எனக் கேட்டுப் பதறி வந்த சுலபா காகு என் மேல் சால்வையைப் போர்த்தினார். என் கணவர் உள்ளே போய் கேஸை அணைத்துவிட்டு வந்தார்.

"ஒண்ணும் இல்ல, வசந்தி. கீசர்கூட நான் அணைக்கும்போது நல்லாத்தான் எரிஞ்சுது, நீலமா. இவ்வளவு நாளா மஞ்சளா எரிஞ்சிட்டிருந்தது. சிலிண்டர்தான் சரியில்லையோன்னு நெனச்சேன்."

மஞ்சள். நீலம். தீ எரியக் காற்று வேண்டும் என்பது நான் கரும்பலகையில் எழுதிப்போடும் பாடம். காற்றுப் போதாத இடத்தில் எரியும் தீ, நிறமும் மணமும் இல்லாத விஷ வாயுவைக் கக்கும். முதலில் தலைவலி. பிறகு குழப்பம், இல்லாதது தெரியும், கேட்கும். பிறகு தூக்கம். அதிலிருந்து எழுந்திருப்பது கிடையாது. எங்கள் மூவரையும் நான் ஒரு வாரமாக அந்த அறைக்குள் ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்து பார்த்தேன். அத்தை என் பக்கத்தில் நின்றார். முகமெல்லாம் எண்ணெய் வழிந்தது. தோளில் துண்டு. கையில் உலக்கை. அடுத்து அவர்தான் போயிருப்பார். சீயக்காய் தேய்த்து, நிதானமாக, நேரம் எடுத்துக் குளித்திருப்பார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த உலக்கையோடு சேர்த்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அத்தை, பேய் எல்லாம் இல்ல. எல்லாம் நான் பண்ணினதுதான்."

"எனக்கு அந்தச் சந்தேகம் மொதல்லயே இருந்துச்சு" என்றார் அத்தை.

டாக்டர் எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு, பிழைத்தது பெரிய விஷயம் என்றார். கீசர் கொல்லைப்பக்கச் சுவரின் வெளியே போனது, குழாய் மட்டும் உள்ளே வந்தது. வென்டிலேட்டருக்கு அதன் பிறகு நாங்கள் கண்ணாடியே போடவில்லை. ஜன்னல் பட்டைகளும் தெர்மோகோலும் அப்படியே இருந்தன. வீடு உண்மையிலேயே முன்பைவிடக் கதகதப்பாகத்தான் இருந்தது. ஆனால் அதை எடுத்துச் சொல்லும் தகுதியை நான் இழந்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் "பூத் மிஸ்" என்ற பெயர் நிலைத்துவிட்டது. பல வருஷம் கழித்து ஹிஞ்சேவாடி நெரிசலில் ஒரு கம்பெனி காரின் கண்ணாடியை இறக்கி, தாடி வைத்த ஒரு ஆள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் என்னை வணங்கினான்.

அத்தை மட்டும் அதை ஒரு நாளும் குற்றமாகச் சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொல்வார். கல்யாண வீடுகளில் புதுச் சம்பந்திகளிடம் என்னை இழுத்து முன்னால் நிறுத்துவார்.

"இவதான் என் மருமவ. எனக்குக் குளிரக் கூடாதுன்னு என்னயக் கொல்லவே பாத்தா. அம்புட்டுப் பாசம்!"