மேடு கண்டால் நிற்கும் வண்டி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். என் முழங்காலைத் தவிர இங்கே அனைவரும் நலம். தங்களுடைய ரத்த அழுத்தம் தணிந்திருக்கும் என நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்தால் இன்னும் தணியும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நமக்குள் நடக்கவிருந்த ரிமோட் கார் பந்தயத்தைத் தேதி குறிப்பிடாமல் தள்ளிவைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தள்ளிவைப்பது என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது, நிஜத்தில் தோல்விதான். போன மாதம் சாப்பாட்டு மேசையில், "கடையில வாங்கின காரை யார் வேணாலும் ஓட்டலாம் சம்பந்தி, நான் சொந்தமா செஞ்சு கல்லு மண்ணுல ஏத்திக் காட்டுறேன்" என்று இரண்டு குடும்பத்துக்கும் முன்னால் மார்தட்டியவன் நான்தான். மறுக்கவில்லை. ஆயுசு முழுக்க நீங்கள் இதைச் சொல்லிக் காட்டுவீர்கள் என்பதும் தெரியும்.

வண்டி என்னவோ பிரமாதமாகத்தான் வந்தது. படம் மட்டும் பதினாலு தடவை போட்டேன். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற மாதிரி பல்சக்கரம் வைத்து, குலுங்காமல் இருக்கச் சக்கரத்துக்கு மும்மூன்றாகப் பேனா ஸ்பிரிங் போட்டேன். அதனால் வீட்டில் ஒரு பேனாவும் எழுதவில்லை, பென்சிலில் எழுதுவதை மன்னிக்கவும். வினை எங்கே வந்தது என்றால், முப்பத்திரண்டு வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். பெட்டி சாய்ந்தால் உடனே நிற்க வேண்டும் என்பது ரத்தத்தில் ஊறிப்போனது. கை தானாகவே ஒரு சாய்வு சுவிட்சை வைத்துவிட்டது. கூடத்தில் வண்டி சிங்கம் மாதிரி பாய்கிறது, எதிர்வீட்டுக் கட்டட வேலைக்குக் கொட்டிய மணலில் மூக்கைத் தூக்கினால் பொட்டென்று நின்றுவிடுகிறது. வாசல் மிதியடியில்கூட ஏறவில்லை. "மேடு பள்ளத்துல ஓட்டத்தானேங்க செஞ்சீங்க, அதை மட்டும் மாட்டேங்குதே!" என்கிறாள் என் மனைவி. சுவிட்சைக் கழற்றினால் என்ன என்று உங்கள் மகள் கேட்டாள். பாதுகாப்பு சுவிட்சைக் கழற்றிய ஆட்களை நானே வேலையை விட்டு அனுப்பியிருக்கிறேன் சம்பந்தி, எடுத்த ஸ்க்ரூடிரைவரை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன். நீங்களே ஜெயித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கம். சின்னவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது வாசலில் ஒரே கூச்சல். உங்கள் மகள் என்னைக் கேட்காமல் சுவிட்சைப் பிடுங்கி, இரண்டு ஒயரையும் நேராகச் சேர்த்து முறுக்கிவிட்டாள். வண்டி மணலில் ஏறி, செங்கல் அடுக்கைத் தாண்டி, பேப்பர் படித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் மடியில் போய் இறங்கியது. "என்னம்மா பண்ணிட்ட?" என்றேன். "நீங்க கழட்டலையே மாமா, நான்தானே கழட்டினேன். உங்க மேல தப்பே இல்ல. எங்க அப்பாகிட்ட போய் நாம தோக்கிறதா?" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவள் இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷத்தில் இன்றைக்குத்தான் "என் மருமகடா!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். மேலே எழுதியதில் நலம் விசாரித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப் போடவும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பந்தயம் உண்டு. எங்கள் பக்கம் வண்டி ஓட்டப் போவது உங்கள் மகள்.