அடிமைக் காலத்துக் குழாய்

ஒரு நாடு தன் எல்லையைத் திருத்தி அமைத்துக்கொள்வது என்பது விளையாட்டுக் காரியம் இல்லை. அதற்கு இரண்டு தலைநகரங்கள் வேண்டும். நீளமான மேஜை வேண்டும். மேஜைக்கு இரண்டு பக்கமும் கோட்டுப் போட்டவர்கள் வேண்டும். இவ்வளவும் கூடிவந்த ஒரு நன்னாளில், வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருப்பதெல்லாம் இனிமேல் புதிய நாட்டுக்குச் சொந்தம் என்று முடிவாயிற்று. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருந்தது ஒரே ஒரு தெரு.

அந்த நேரத்தில் தெருமுனையில் இஸ்திரிக்காரி ஒரு வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வலது கையைத் தேய்க்கும்போது அவள் பழைய நாட்டுப் பிரஜை. சட்டையைத் திருப்பிப் போட்டு இடது கைக்கு வருவதற்குள் புதிய நாட்டுப் பிரஜை ஆகிவிட்டாள். இரண்டு கையிலும் சுருக்கம் ஒரே மாதிரிதான் இருந்தது.

“அத்தை, நாம நாடு மாறிட்டோமாம்” என்று வீட்டுக்குள் குரல் கொடுத்தாள்.

மாமியார் தலையை மட்டும் நீட்டினார். “குழாயில தண்ணி வருதா?”

“இல்ல.”

“அப்புறம் என்னத்த மாறிச்சு?” தலை உள்ளே போய்விட்டது.

லாரி ஓட்டப் போயிருந்த புருஷன் போன் செய்து, “நான் இப்ப எந்த நாட்டுக்குத் திரும்பி வரணும்?” என்று கேட்டான். “முதல்ல வீட்டுக்கு வாங்க, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்” என்றாள்.

அவளுடைய கவலை எல்லாம் குழாய்தான். இஸ்திரி வண்டிக்கு நேர் எதிரே தெருவுக்கென்று இருக்கும் ஒரே குழாய். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அது ஒரு சொட்டு விட்டதில்லை. எப்போதாவது கர்ரென்று ஒரு பெருமூச்சு விடும், அவ்வளவுதான். மனுக் கொடுத்தால் பழைய அரசாங்கம், “தங்கள் தாகம் பரிசீலனையில் உள்ளது” என்று பதில் போடும். யாராவது திருகிப் பார்க்கலாம் என்றால், “அரசுச் சொத்து, தொட்டால் தண்டனை” என்று பலகை. அதனால் துணிக்குத் தெளிக்க, சோறு வடிக்க, குழந்தையைக் குளிப்பாட்ட, எல்லாவற்றுக்கும் சாக்கடையாகிப்போன வாய்க்கால்மேல் கிடந்த ஒற்றைப் பலகையைத் தாண்டி அந்தக் கரைக் கிணற்றுக்குப் போகவேண்டும். ஒரு இடுப்பில் குடம், ஒரு இடுப்பில் குழந்தை. பலகை ஆடும்போதெல்லாம் குடத்தை விட்டுக் குழந்தையை இறுக்கிக்கொள்வாள்.

இந்த நிலையில்தான் புதிய நாட்டின் உணர்வு ஒருங்கிணைப்புத் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்து சேர்ந்தார். மடித்த கைக்குட்டை சட்டைப் பையில் தயாராக இருந்தது. தெரு ஜனங்களைக் கூட்டி நிறுத்தினார்.

“உங்களுக்கு விடுதலை கொடுத்திருக்கோம். எதிலிருந்து விடுதலைன்னு உலகம் கேட்டா ஒரு பதில் வேணாமா? பழைய ஆட்சியில நீங்க பட்ட கொடுமையை விழா மேடையில ஒருத்தர் சொல்லணும். யார் ரொம்ப கஷ்டப்பட்டீங்க?”

டீக்கடைக்காரர் கையைத் தூக்கினார். “சர்க்கரை விலை ஏறிப்போச்சுங்க.”

“அது எங்ககிட்டயும் ஏறித்தான் இருக்கு. வேற?”

“எந்த ஆபீசுக்குப் போனாலும் நாளைக்கு வான்னு சொல்லுவாங்க.”

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். “அதுவும் வேணாம். பொதுவான விஷயம்.”

சவரக்கடைக்காரர் முன்னால் வந்தார். “என் மாமனார் என்னை மதிக்கிறதே இல்லைங்க.”

“அவர் பழைய அரசாங்கத்துல உத்தியோகமா?”

“மாட்டு வியாபாரம்.”

“அப்போ சேராது.”

இஸ்திரிக்காரிக்குப் பொறுக்கவில்லை. பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு வந்தாள். “இந்தக் குழாயைப் பாருங்க சார். நான் வந்ததுலேர்ந்து ஒரு சொட்டு பார்த்ததில்ல. என் புள்ள தண்ணின்னு கேட்டா பலகையத் தாண்டி ஓடணும். குழாய் இருக்கு, வாய் இருக்கு, தண்ணி மட்டும் இல்ல.”

அதிகாரியின் கைக்குட்டை தானாக வெளியே வந்தது. “இதுதாம்மா! இதேதான்! ஒரு எழுத்து மாத்தாம மேடையில சொல்லுங்க.”

“சொன்னா தண்ணி வருமா?”

“அம்மா, நீங்க அழ வெச்சிடுங்க. மத்ததை நாடு பாத்துக்கும்.”

விழா பிரமாதமாக நடந்தது. இஸ்திரிக்காரி சொன்னதைச் சொன்னாள். முன்வரிசை விம்மியது. பின்வரிசை முன்வரிசையைப் பார்த்து விம்மியது. நாட்டின் தலைவர் மேடையை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்க் குழாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மறுநாள் அதைச் சுற்றி இரும்புவேலி வந்தது, மேலே ஒரு கூரை வந்தது, ராத்திரி வெளிச்சத்துக்கு விளக்கு வந்தது, காவலுக்கு ஒரு காவலர் வந்தார். தண்ணீர் மட்டும் வரவில்லை.

அதற்குள் இன்னொரு சங்கடம் முளைத்தது. குடத்தோடு கிளம்பிய மாமியாரைப் பலகை முனையில் எல்லைக் காவலர் மறித்தார்.

“பாட்டிம்மா, அந்தக் கரை இப்ப வெளிநாடு. காலிக்குடம் போனா ஏற்றுமதி. தண்ணியோட திரும்பினா இறக்குமதி. ரெண்டுக்கும் அனுமதி வேணும்.”

“வர்ற வழியில சிந்திட்டே வந்தா?”

காவலர் யோசித்தார். “அது கடத்தல்.”

“அங்கேயே குடிச்சிட்டு வயித்துக்குள்ள கொண்டு வந்தா?”

காவலர் மேலதிகாரிக்குப் போன் செய்தார். பதில் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். மாமியார் காவலரைக் கேட்கக்கூடாத நாலு வார்த்தை கேட்டுவிட்டுத் திரும்பினார். அன்றைக்கு வீட்டில் சோறு அரைவேக்காடு. குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. சொறிந்து சொறிந்து அழுதது.

இஸ்திரிக்காரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராக உணர்வு அதிகாரியின் அலுவலகத்தில் போய் நின்றாள்.

“சார், குழாயை ரிப்பேர் பண்ணிக் குடுங்க.”

அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார். “ரிப்பேரா? அம்மா, அது தேசியச் சின்னம்! பழைய ஆட்சி கொடுமைக்கு நம்மகிட்ட இருக்கிற ஒரே சாட்சி. அதுல தண்ணி வந்தா சாட்சி கலைஞ்சு போயிடும். அப்புறம் உங்களை எதுக்கு விடுதலை பண்ணினோம்னு ஆயிடாதா?”

“குழாய் இருக்கு, வாய் இருக்கு, தண்ணி மட்டும்...”

“ஸ்ஸ்!” அதிகாரி ஜன்னலைச் சாத்தினார். “யாரைம்மா குறை சொல்றீங்க?”

“போன மாசம் இதையேதான் சொன்னேன். கைதட்டினீங்களே?”

“அப்போ அது அவங்க குழாய். இப்போ நம்ம குழாய். நம்ம குழாயைப் பத்தி நாமளே இப்படிப் பேசினா அதுக்குப் பேரு துரோகம்மா.” பிறகு குரல் கனிந்தது. “உங்களை விட்டுடுவோமா? நிரந்தரத் துயர சாட்சின்னு ஒரு அரசுப் பதவி உண்டாக்கியிருக்கோம். பார்வையாளர் வரும்போது குழாய் பக்கத்துல நின்னு அந்தப் பேச்சைப் பேசணும். மாசச் சம்பளம். பழைய காலம்னு மட்டும் மறக்காம சேர்த்துக்குங்க.”

பிள்ளைக்காரி, வந்த சம்பளத்தை வேண்டாம் என்று சொல்வாளா? வாங்கிக்கொண்டாள்.

பார்வையாளர்கள் பஸ் பஸ்ஸாக வந்தார்கள். தலைநகரத்தில் அடிமைக்குழாய் ஒரு பித்தாகவே பிடித்துக்கொண்டது. ஆண்கள் சட்டையில் வெள்ளிக்குழாய் குத்திக்கொண்டார்கள். பெண்கள் காதில் குழாய்த் தொங்கட்டான் ஆடியது. பெரிய வீடுகளில் வரவேற்பறையில் காலிக்குடம் வைத்து, வந்த விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுக்காமல் உட்காரவைப்பதுதான் நாகரிகம் என்றாயிற்று. நாக்கு வறண்டு திரும்பியவர்கள், “என்ன உபசாரம்! என்ன தேசபக்தி!” என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

தெருவும் சும்மா இருக்கவில்லை. டீக்கடைக்காரர் பாட்டில் தண்ணீர் வரவழைத்து, தாகத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு விற்றார். சவரக்கடைக்காரர் கடைக்கு ‘விடுதலைச் சவர நிலையம்’ என்று பெயர் எழுதினார். அவர் மாமனார்கூட இப்போது அவரை மதித்தார். மாமியார் ஓட்டைக்குடத்தோடு போட்டோவுக்கு நின்றார். சிரித்தால் ஒரு விலை, அழுதால் கூடுதல் விலை.

ஆனால் பாட்டில் தண்ணீரில் எத்தனை நாள் பிள்ளையைக் குளிப்பாட்டுவது? ஒரு மத்தியானம் குழாய்க் காவலர் சாப்பிட்டுவிட்டு வேலியில் சாய்ந்து குறட்டை விட்டபோது, இஸ்திரிக்காரி சைக்கிள் கடையிலிருந்து ஸ்பானர் வாங்கிவந்தாள். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுக் குழாயின் கழுத்தைத் திருகினாள். துரு பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே ரப்பர் வாஷர் உப்பிப்போய்த் தொண்டையை அடைத்துக்கொண்டிருந்தது. கொண்டையூசியால் நெம்பினாள்.

அவ்வளவுதான். தண்ணீர் பீறிக்கொண்டு கூரையை அடித்தது. தாயும் பிள்ளையும் தொப்பலாக நனைந்தார்கள். பிள்ளை கைதட்டிச் சிரித்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “ஏய் கழுதை, இதுக்கா இத்தனை வருஷம் பிகு பண்ணின?” என்று குழாயை ஒரு தட்டுத் தட்டினாள். பிள்ளையின் பழைய செருப்பிலிருந்து ஒரு துண்டு ரப்பரை வட்டமாக வெட்டிப் போட்டுத் திருகினாள். மூடினால் நின்றது. திறந்தால் கொட்டியது.

சத்தம் கேட்டுத் தெருவே ஓடிவந்தது. மாமியார் ஓட்டைக்குடத்தையே நீட்டினார். காவலர் விழித்து, முதலில் முகம் கழுவிக்கொண்டு, அப்புறம் திடுக்கிட்டார். டீக்கடைக்காரர் மட்டும் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தங்கச்சி! மூடு, மூடு! பஸ் திரும்புது! அதிகாரியும் கூட வர்றாரு!”

“அண்ணே, இப்பத்தான வந்துச்சு...”

“வந்தது இருக்கட்டும்மா! இது ஓடுச்சுன்னா எவன் நம்ம தெருவுக்கு வருவான்? என் கடையை யார் பாக்குறது?”

சவரக்கடைக்காரர், “என் மாமனாரை நெனச்சுப் பாருங்க” என்று கும்பிட்டார். மாமியார் மருமகளைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

“மூடுடி” என்றார். “எல்லாரும் போனப்புறம் தொறந்துக்கலாம்.”

இஸ்திரிக்காரிக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாதம் பிறந்து சம்பளம் வர இன்னும் இரண்டே நாள்தான். மூடினாள். ஸ்பானரைக் காவலர் தன் தொப்பிக்குள் ஒளித்துக்கொண்டார்.

பஸ்ஸிலிருந்து ஜனங்கள் இறங்கினார்கள். அவள் முந்தானையைப் பிழிந்து செருகிக்கொண்டு, நிற்கிற இடத்தில் நின்று ஆரம்பித்தாள். “பழைய காலத்துல, குழாய் இருந்துச்சு, வாய் இருந்துச்சு, தண்ணி மட்டும்...”

“தண்ணி!” என்று பிள்ளை வீறிட்டது. இரண்டு கையாலும் குழாயைப் பிடித்து உலுக்கியது. “அம்மா, தண்ணி! தண்ணி!”

இப்படி ஒரு காட்சியை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. பஸ் முழுக்கத் தேம்பியது. காதில் குழாய் ஆட ஆட ஒரு அம்மாள் மயங்கி விழுந்தார். அவர் முகத்தில் தெளிக்கத் தண்ணீர் கேட்டபோது, தெருவில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. டீக்கடைக்காரர் மட்டும், “பாட்டில் இருக்குங்க” என்றார்.

அதிகாரி கைக்குட்டையைப் பிழிந்துகொண்டே கீழே பார்த்தார். “இதென்னம்மா, குழாயடியில இவ்வளவு ஈரம்?”

இஸ்திரிக்காரி கண்கொட்டவில்லை. “எல்லாம் பார்க்க வந்தவங்க விட்ட கண்ணீருங்க சார்.”

மறுவாரம் அந்த ஈரத்துக்கும் ஒரு வேலி வந்தது. குழாயிலிருந்து நேரே இஸ்திரிக்காரி வீட்டுப் பீப்பாய்க்கு ஒரு ரப்பர்க் குழல் மாட்டிவிட்டால், குழாய்மேல் வழியும் கண்ணீர் தரையில் சிந்தாது என்று தெரு யோசனை சொன்னது. அதிகாரி தலையை ஆட்டிவிட்டார். சின்னத்தை ஈரத்திலிருந்து பாதுகாக்க அது அவசியம் என்று அவருக்கே தோன்றியது. இப்போது இஸ்திரிக்காரி வீட்டில் சோறு நன்றாக வேகிறது. பிள்ளைக்கு வேர்க்குரு போய்விட்டது. அதற்கு அவள் ஒன்றே ஒன்றைத்தான் பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள்: பஸ் வரும்போது குளித்துவிட்டு நிற்கக்கூடாது.