முதுநகர் ஆத்தா சம்பந்திக்கு எழுதியது

கடலூர் முதுநகர்,
சோபகிருது வருஷம், வைகாசிக் கடைசி.

சிதம்பரம் மேல வீதியில் மளிகைக்கடை வைத்து நாலு பேருக்கு நல்லவராய் விளங்கும் சம்பந்தி கொளஞ்சியப்பன் அவர்களின் சமூகத்துக்கு, ஓய்வுபெற்ற கூட்ஸ் வண்டி கார்டு பொன்னுரங்கம் கைகூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், என் சம்சாரம் சௌந்தரம், தங்கள் மருமகளாகப் போகும் மங்கலம் மூவரும் சுகம். சுகம் என்ற வார்த்தையைத் தயவுசெய்து இன்னொரு தரம் படிக்கவும், இந்தக் கடுதாசியே அதற்காகத்தான் எழுதுகிறேன். அவ்விடம் தங்கள் சுகத்துக்கும், சம்பந்தியம்மாளின் முழங்கால் வலிக்கும் ஆண்டவன் துணை.

பஸ் கண்டக்டர் மூலம் தாங்கள் சொல்லியனுப்பிய சேதி கிடைத்தது. பெண் வீட்டில் அம்மை கண்டிருக்கிறது, ஆகையால் ஆனி முதல் முகூர்த்தம் வேண்டாம், தையில் பார்த்துக்கொள்ளலாம் என்று. கேட்டதிலிருந்து மங்கலம் சரியாகச் சாப்பிடவில்லை. சம்பந்தி அவர்களே, எங்கள் வீட்டில் யாருக்கும் அம்மை இல்லை, வரவும் இல்லை. வாசலில் வேப்பிலை சொருகியிருந்தது உண்மை. அதைச் சொருகினவன் நான். ஏன் சொருகினேன் என்பதைச் சொல்கிறேன், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத் தனியாகப் படிக்கவும்.

போன மாசம் முனிசிபாலிடியிலிருந்து தெருத்தெருவாக அம்மை குத்த வருகிறார்கள் என்று தண்டோரா போட்டார்கள். திருகாணி மாதிரி ஒன்றைத் தோலில் வைத்துத் திருகுவார்களாம், புஜம் வீங்குமாம், காய்ச்சல் வருமாம், சிலருக்குப் புண் ஆறவே ரொம்ப நாள் ஆகுமாம். தாங்களும் பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர், யோசித்துப் பாருங்கள், தாரை வார்க்கிற நேரத்தில் பெண்ணைப் பெற்றவன் கை தூக்க முடியாமல் நின்றால் சபை என்ன நினைக்கும்? இருபது வருஷம் தவம் கிடந்து பெற்ற ஒரே பெண். அவள் கையைத் தங்கள் பிள்ளை கையில் வைத்து நான்தான் தண்ணீர் வார்க்கவேண்டும் என்பதைத் தவிர இந்த ஜன்மத்தில் எனக்கு வேறு ஆசை கிடையாது. இதைப் போய் ஊசிக்குப் பயம் என்கிறாள் சௌந்தரம். இருட்டில், காட்டில், கடைசிப் பெட்டியில் ஒண்டியாக உட்கார்ந்து விழுப்புரத்துக்கும் மாயவரத்துக்கும் போய்வந்தவன் நான், எனக்கு என்ன பயம்? ஆனாலும் அவளும் மங்கலமும் பத்திரிகை வைக்க நெல்லிக்குப்பம் போயிருந்த அன்றைக்குப் பார்த்து, அம்மை கண்ட வீட்டுக்குள் வெளியாள் வரமாட்டான் என்ற ஒரே தைரியத்தில், நிலைப்படியில் ரெண்டு கொத்து வேப்பிலையைச் சொருகிவிட்டேன்.

அம்மை குத்துகிறவர் ஹபிபுல்லா, நம்ம சோனகர் தெருப் பையன்தான், தங்கமான குணம். வேப்பிலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்று, யாருக்குங்க மாமா என்று கேட்டான். அதை நான் யோசித்து வைக்கவில்லை. வீட்டில் இருந்தது நான் ஒருத்தன். எனக்குத்தான் என்றேன். அவன் முகம் மாறிப் போய்விட்டது, வேகமாகப் போனான். தொல்லை விட்டது என்று நான் வஞ்சிரம் வறுக்க அடுப்பைப் பற்றவைத்தேன். வேப்பிலை தொங்கும் வீட்டைத் தேடிக்கண்டுபிடித்து மேலிடத்துக்குச் சொல்வதுதான் அவன் உத்தியோகமே என்பது எனக்கு எப்படித் தெரியும்?

மீன் சட்டியில் விழுவதற்குள் பக்கத்து வீட்டு விருத்தாம்பாள் ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். ஆத்தா வந்திருக்கிற வீட்டில் வறுக்கலாமா, தாளிக்கலாமா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு மீனைக் கையோடு எடுத்துப் போய்விட்டாள், அதை என்ன செய்தாள் என்று இதுவரைக்கும் சொல்லவில்லை. தெருப் பொம்பளைகள் கூடி என்னை வேப்பிலைப் படுக்கையில் கிடத்தி, கழுத்துவரைக்கும் மஞ்சள் துணி போர்த்தி, இளநீரும் கூழும் மட்டும் என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். தெரு முழுக்கத் தாளிப்பு நின்றது. அம்மை கண்டவன் உடம்பில் ஆத்தா இருக்கிறாள் என்கிற வழக்கம் தங்களுக்குத் தெரியாததல்ல. எனக்கு மீசை இருக்கிறது, சம்பந்தி. இருந்தும் குழந்தைகுட்டிகளோடு வந்து தாயே தாயே என்று காலில் விழுகிறார்கள். தாளிப்பில்லாமல் நாக்கு செத்துப்போன அத்தனை பேரும் கூடவே ஒரு கேள்வியும் கேட்கிறார்கள். பினாங்கு போன புருஷன் எப்ப வருவான், பொண்ணுக்கு வரன் எப்ப வரும், மழை எப்ப வரும். எனக்குத் தெரிந்தது ரயில்வேயில் கற்ற ஒரே பதில்தான், "லேட்டாவும், ஆனா வந்து சேரும்" என்று எல்லோருக்கும் சொல்லிவைத்தேன். எங்கள் தெருப் பக்கிரியும் கேட்டிருந்தான், அவனுடைய காணாமல்போன மாடு அன்று சாயங்காலம் லேட்டாக வந்து சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு தேவனாம்பட்டினத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள்.

நெல்லிக்குப்பம் போன ரெண்டு பேரும் திரும்பி வந்தபோது, வெளியூர் போய்வந்த காலோடு உள்ளே வரக்கூடாது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். சௌந்தரம் என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கு அப்போதே எல்லாம் விளங்கிவிட்டது. "தாயே, எத்தினி நாளைக்கு இருக்கிறதா உத்தேசம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு விருத்தாம்பாள் வீட்டில் போய்த் தங்கிக்கொண்டாள். மங்கலம் சன்னல் பக்கம் வந்து, "அப்பா, சிதம்பரத்துக்குச் சேதி போறதுக்குள்ள எழுந்துடுப்பா" என்றாள். எழுந்திருக்கத்தான் பார்த்தேன், நாலு பொம்பளைகள் சுற்றி உட்கார்ந்து வேப்பிலையால் விசிறிக்கொண்டிருந்தால் எப்படி எழுந்திருக்கிறது? எழுந்தால் பொய்யன் வீட்டுப் பெண், எழாவிட்டால் அம்மை வீட்டுப் பெண். அன்றைக்கு அந்தத் துணிக்குள்ளே நான் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மறுநாள் ஜீப் வந்தது. டாக்டர், ஹபிபுல்லா, கூட ரெண்டு பேர். தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் குத்தவேண்டும் என்றார் டாக்டர். ஒருத்தர் கையை நீட்டவேண்டுமே. ஆத்தா உத்தரவு குடுக்கட்டும், அப்புறம் பாக்கலாம் என்று பொம்பளைகள் எல்லாம் என் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். டாக்டர் உள்ளே வந்து துணியை விலக்கி, முன்னே பின்னே பார்த்து, கொசு கடித்த தடம்கூட இல்லையே என்று இங்கிலீஷில் என்னவோ சொன்னார். நல்லவேளை, அது வெளியே யாருக்கும் புரியவில்லை. ஹபிபுல்லா என் காதோடு காதாக, "மாமா, உங்களுக்கு ஒண்ணுமில்லன்னு வெளியில சொல்ல மாட்டேன். ஆனா துறைமுகத்தாண்ட ரெண்டு கொழந்தைக்கு நெசமாவே போட்டிருக்கு. நீங்க கைய நீட்டுனாத்தான் இந்தத் தெரு நீட்டும்" என்றான்.

அதற்குமேல் நான் என்ன செய்வேன்? முதலில் எனக்கு என்று உத்தரவு கொடுத்துவிட்டு, ஊரே பார்க்க, எந்தக் கைக்குப் பயந்தேனோ அந்தக் கையையே நீட்டினேன். திருகினான். முடிஞ்சிதா என்றேன், முடிஞ்சிது என்றான். அவ்வளவுதான், சம்பந்தி. எறும்பு கடித்தால்கூட இதைவிட ஜாஸ்தியாக இருக்கும். இதுக்கா இத்தனை கூத்து என்று எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கக் குத்திக்கொண்டது, தேவனாம்பட்டினத்து வண்டிக்காரர்களையும் ஹபிபுல்லா விடவில்லை. பிறகு முறைப்படி மூணு தண்ணி ஊற்றி ஆத்தாளை வழியனுப்பிவைத்தார்கள். புஜம் வீங்கி வடிந்தும் விட்டது, இப்போது ஒரு குடம் தண்ணீரை ஒற்றைக் கையால் தூக்குகிறேன்.

ஆகையால் முகூர்த்தத்தைத் தள்ளவேண்டாம். எங்கள் வீட்டில் அம்மை இல்லவே இல்லை. தாங்கள் குடும்ப சமேதராய் ஆனி முதல் முகூர்த்தத்துக்கு முதல்நாளே வந்து இறங்கவும், ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். ஆனால் இந்த விஷயம் எங்கள் தெருவுக்குத் தெரியவேண்டாம், தாளிக்காத குழம்பை அத்தனை நாள் சாப்பிட்டவர்கள் என்னை உயிரோடு விடமாட்டார்கள். சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம், மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம், கடைப் பையன்களுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
தங்கள் வரவை எதிர்பார்த்து வாசலிலேயே நிற்கும்,
பொன்னுரங்கம்.

பி.கு.: ஒட்டின கடுதாசியைப் பிரித்து எழுதுகிறேன். ரெண்டு நாளாகக் காய்ச்சல், மூக்கில் ஒழுக்கு, கண் கோவைப்பழமாய்ச் சிவந்திருக்கிறது. கல்யாண அலைச்சல் என்று இருந்தேன். இன்று காலையில் முகமும் கழுத்தும் மணலை வாரி இறைத்த மாதிரி ஆகிவிட்டது. ஹபிபுல்லா வந்து பார்த்துவிட்டு, "இது மணல்வாரி மாமா. நான் குத்துனது பெரியம்மைக்கு. இதுக்கு ஊசி இன்னும் நம்ம பக்கம் வரல. கால்ல வுழுந்த கொழந்தைங்கள்ல ஏதோ ஒண்ணு குடுத்துட்டுப் போயிருக்கு" என்றான். தெருவில் யாரும் நம்பவில்லை, ஆத்தா போயாச்சு, இது வெறும் வேர்க்குரு என்கிறார்கள். இளநீர்கூட நானேதான் வாங்கவேண்டியிருக்கிறது. ஆகவே மேலே சுகம் என்று எழுதின இடத்தையும், அம்மை இல்லவே இல்லை என்று எழுதின இடத்தையும் அடித்துப் படிக்கவும். தாங்கள் இங்கே வரவேண்டாம். சௌந்தரத்துக்கும் மங்கலத்துக்கும் சின்ன வயசிலேயே இது வந்து போய்விட்டது, இருந்தாலும் அவர்களை மறுபடியும் விருத்தாம்பாள் வீட்டுக்கே அனுப்பிவிட்டேன். கல்யாணம் சிதம்பரத்திலேயே குறித்த நாளில் நடக்கட்டும், தையெல்லாம் வேண்டாம் என்று மங்கலம் சொல்லிவிட்டாள், தாங்கள் மறுக்கக்கூடாது. தாரை வார்க்க என் மச்சான் வருவான். நல்ல கைதான் அவனுக்கு. மங்கலம் இதுவரைக்கும் என் கையைப் பிடிக்காமல் ரயில் ஏறினதில்லை, சிதம்பரத்தில் இறங்குகிறபோது பிளாட்பாரத்தில் தாங்களே வந்து நின்று அவள் கையைப் பிடித்து இறக்கவும்.