கௌரி அக்கா கொடுத்த நற்சான்று

பயப்பட ஒரு காரணம் வேண்டும் என்று நினைப்பவர்களுக்குப் பயப்படவே தெரியாது என்று அர்த்தம். எனக்கெல்லாம் முதலில் பயம் வந்து உட்கார்ந்துவிடும், காரணம் பிற்பாடு ஆட்டோ பிடித்து வந்து சேரும். பஸ் நேரத்துக்கு வந்தால் இது வேறு ரூட் பஸ்ஸோ என்று பயம். வராவிட்டால் அது தனிப் பயம். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். (அப்பாவுக்குக் கால் உடைந்தது, அம்மா வேலைக்குப் போனாள், வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. அவ்வளவுதான் கதை.) அதனாலோ என்னவோ, எந்த ஆபீசுக்குள் நுழைந்தாலும் யாராவது பின்னால் வந்து, "நீ எங்க இங்க?" என்று கேட்டுவிடுவார்கள் போலவே இருக்கும்.

இப்படிப்பட்டவளைத்தான் வல்லம் வடகாலில் ஒரு கம்பெனி நேரடியாக வேலைக்கு எடுப்பதாகச் சொன்னது. பேக்கிங் பிரிவு. எட்டாவது பாஸ் போதும். அதுவரைக்கும் வேறொரு ஃபேக்டரியில் கான்ட்ராக்டில் வருஷக்கணக்காக அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். கான்ட்ராக்ட் ஆளிடம், நாளைக்கு வரவேண்டாம் என்று இன்றைக்குச் சாயந்திரம் சொல்லிவிடலாம். கம்பெனி ரோலில் இருப்பவளிடம் அப்படிச் சொல்ல முடியாது. தினமும் சாயந்திரம் சூப்பர்வைசர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிற எனக்கு இதைவிடப் பெரிய மருந்து கிடையாது.

இன்டர்வியூ முடிந்ததும் எச்.ஆர். செல்வி மேடம் (திருநெல்வேலிக்காரர், அதட்டினாலும் கொஞ்சுவது மாதிரியே இருக்கும்) சொன்னார். "வெரிஃபிகேஷன் ஒண்ணு இருக்கும்மா. ஏஜென்சிலருந்து ஒரு ஆள் ஒங்க வீட்டுக்கு வருவாரு. அக்கம்பக்கத்துல விசாரிப்பாரு. பழைய கம்பெனில கேப்பாவ. போலீஸ் கேஸ் ஏதும் இருக்கான்னும் பாப்பாவ. எல்லாம் சரியா இருந்தா ஆர்டர்."

நான் அந்த 'இருந்தா'வை மட்டும் எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் பென்னலூருக்கு வந்து சேர்ந்தேன்.

என் மேல் எந்தக் கேசும் இல்லை. ஆனாலும் எனக்கே சந்தேகமாக இருந்தது. ஒரு தடவை கூட்டத்தில் நெரிபட்டு டிக்கெட் எடுக்காமலே பஸ்ஸை விட்டு இறங்கியது ஞாபகம் வந்தது. அதைக் கண்டக்டர் எங்கேயாவது எழுதிக் கொடுத்திருப்பாரோ?

அம்மாவிடம் சொன்னேன். அம்மாவின் கவலை வேறு. "ஆர்டர் கைக்கு வர்ற வரிக்கும் மூச்சு வுடாத. ஒங்க சித்தி பையன் வேல கெடச்சிடுச்சின்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சான். கடைசில இன்னா ஆச்சு? கண்ணு பட்டு பூட்ச்சி."

ஆக, விசாரிக்க ஆள் வரப்போகிறார், அக்கம்பக்கத்தைத் தயார் பண்ணியாக வேண்டும். எதற்கு வருகிறார் என்று மட்டும் சொல்லக்கூடாது. மூளை உள்ளவள் இந்த இடத்தில் சும்மா இருந்திருப்பாள். நான் எதிர்வீட்டு கௌரி அக்காவிடம் போனேன். எங்கள் தெருவில் யார் வந்து எதைக் கேட்டாலும் பதில் சொல்வது அவர்தான். கேட்காவிட்டாலும் சொல்வார்.

"அக்கா, என்னப் பத்தி யார்னா விசாரிக்க வந்தா கொஞ்சம் நல்லதா சொல்லுங்கக்கா."

அக்கா அரிசி புடைப்பதை நிறுத்தினார். "யாரு வராங்க?"

"அத இப்ப சொல்லக்கூடாதுக்கா. அம்மா சொல்ல வேணாம்னுச்சி." சொல்லும்போதே பயத்தில் எனக்குத் தலை குனிந்துவிட்டது.

அக்கா எழுந்து வந்து என் கன்னத்தைக் கிள்ளினார். "எனக்குப் புரியாதா இன்னா? நீ போ கண்ணு. நான் பாத்துக்கிறேன்."

எதற்காகக் கிள்ளினார் என்று அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். எதை எதையோ யோசித்து நடுங்குகிற இந்த மண்டை, யோசிக்கவேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டது.

ஆள் வந்தபோது நான் ஷிப்டில் இருந்தேன். வீட்டிலும் யாரும் இல்லை. திரும்பி வந்ததும் கௌரி அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "வந்துட்டுப் போனாரு. காபி குடுத்தேன், முறுக்கு குடுத்தேன். ஒரு கொறையும் சொல்லல. நீ நிம்மதியா தூங்கு."

தூங்கினேன். என் வாழ்க்கையில் நான் பயப்படாமல் தூங்கிய நாள் அது ஒன்றுதான். பயந்திருக்கவேண்டிய நாளும் அதுதான்.

மறுவாரம் செல்வி மேடம் போன் செய்து நேரில் வரச் சொன்னார். போனேன். மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"ஒங்க வயசு என்னம்மா?"

"இருவத்தஞ்சு மேடம்."

"இருவத்தொண்ணுன்னு ரிப்போர்ட்ல இருக்கு. படிப்பு?"

"ஒம்பதாவது மேடம்."

"பி.காம்.னு இருக்கு."

மேடம் விடவில்லை.

"கான்ட்ராக்ட்ல வேல பாத்திருக்கேன்னு எழுதியிருக்கிய. இங்க, 'இதுவரை வேலைக்குப் போனதே இல்லை, வாசப்படி தாண்ட மாட்டாள், பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம் என்றே தெரியாது' அப்படின்னு போட்டிருக்கு. பொறவு, நல்லா சமைப்பியளாம். பாட்டும் பாடுவியளாம்."

"மேடம், பாட்டு சுத்தமா வராது மேடம்," என்றேன். (இத்தனை பொய்யில் நான் முதலில் மறுத்தது அதைத்தான்.)

"இன்னொண்ணும் இருக்கு. விசாரிக்கப் போன பையன்கிட்ட, சொந்த வீடா வாடகையா, கூடப் பொறந்தவங்க எத்தன பேரு, குடிப்பழக்கம் உண்டான்னு எல்லாம் கேட்டிருக்காவ. அவன் பயந்துபோய் எழுதியிருக்கான்."

அப்போதுதான் கன்னத்தில் கிள்ளிய இடம் சுரீர் என்றது.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணைப் பற்றி வெளியாள் விசாரிக்க வந்தால், அது கல்யாண விசாரணைதான். அதற்குத் தெருவுக்கே ஒரு பதில் உண்டு. வயசில் கொஞ்சம் குறைப்பார்கள், படிப்பில் கொஞ்சம் கூட்டுவார்கள். ஃபேக்டரி, நைட் ஷிப்ட் என்ற வார்த்தைகள் மறந்தும் வாயில் வராது. மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்கள் என்று பயம். கௌரி அக்கா ஒரு பைசா வாங்காமல், முழு மனசோடு, என் வேலைக்கு உலை வைத்திருந்தார்.

"மேடம், அவங்க கல்யாணத்துக்குன்னு நெனச்சிட்டாங்க," என்றேன். அழுகை வந்துவிட்டது. கம்பெனி ரோல் என் கண்முன்னே கம்பெனி பஸ் மாதிரி போய்க்கொண்டிருந்தது, நான் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மேடம் கௌரி அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார்.

"அக்கா, அன்னிக்கி வந்தவரு இன்னான்னு சொல்லிட்டு வந்தாரு?"

"கம்பெனிலேந்து வரேன்னாரு. மாப்ள கம்பெனில கீறாரு போலன்னு நெனச்சேன். வூட்ட போட்டோ புடிச்சாரு, சரி, அவங்கம்மாவுக்குக் காட்டறதுக்குன்னு வுட்டுட்டேன். இன்னாடி, புட்ச்சிருக்குன்னு சொல்லிட்டாங்களா?"

"அக்கா, அது வேலைக்குக்கா. வேலைக்கு விசாரிச்சது."

அந்தப் பக்கம் முறம் தரையில் விழுகிற சத்தம் கேட்டது.

"அடிப்பாவி. மொதல்லயே சொல்ல மாட்டியா? வேலைக்குன்னா நான் வேற சொல்லியிருப்பேனே. இருட்டோட எழுந்து பஸ் ஏறுவா, காய்ச்சல்ல கூட லீவு போட மாட்டா, சூப்பர்வைசர் கத்தினாலும் எதிர்த்துப் பேச மாட்டா, மூலைல குந்திக்கினு அழுதுட்டு வந்து மறுபடி ஒட்டுவான்னு சொல்லியிருப்பேனே."

மேடம் குறுக்கே வந்தார். "அம்மா, இப்ப நீங்க சொல்லுதது வேலைக்கா, கல்யாணத்துக்கா?"

"இது சத்தியத்துக்கு மேடம்," என்றார் கௌரி அக்கா.

செல்வி மேடம் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. போனை வைத்த பிறகு சொன்னார். "எங்க ஊர்ல என்னை டாக்டருக்குப் படிக்கான்னு சொல்லி வச்சிருந்தாவ. கல்யாணமான மறுநாளே மாமியார் முதுகுவலின்னு வந்து முன்னால உக்காந்துட்டாவ." பிறகு குரலை இறுக்கினார். "ஒங்க பி.எஃப். பதிவுல பழைய சர்வீஸ் சரியா இருக்கு. ஆதார், ஸ்கூல் சர்டிஃபிகேட்டும் சரி. மறுபடி விசாரிக்கச் சொல்லுதேன். அதுலயும் தப்பா வந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாது, பாத்துக்கிடுங்க."

அந்தப் பையனே மறுபடி வந்தான். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வாசலுக்கு வெளியிலேயே நின்று எழுதிக்கொண்டானாம். (முறுக்கை மட்டும் வாங்கிக்கொண்டான்.) கௌரி அக்கா ஒன்று விடாமல் உண்மை பேசினார். ஒன்பதாவது ரிசல்ட்டில் நான் கணக்கில் என்ன வாங்கினேன் என்பது உட்பட.

ஆர்டர் வந்தது. வாங்கிக்கொண்டு வெளியே வந்து, கேட்டுக்குப் பக்கத்தில் செக்யூரிட்டி போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். "இன்னாம்மா, வேல போச்சா?" என்று செக்யூரிட்டி பாவப்பட்டுத் தண்ணீர் கொடுத்தார். "கெடச்சிடுச்சிண்ணா," என்று சொல்லிவிட்டு அழுதேன். உள்ளே இருந்த பயம் முழுசாக இறங்க ஒரு பாட்டில் தண்ணீர் ஆனது.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

அடுத்த வருஷம் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்திலிருந்து நிஜமாகவே ஒரு மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வந்தார்கள். இப்படி வருகிறவர்கள் சொல்லிவிட்டு வருவதில்லை. மாப்பிள்ளையின் அம்மா கையில் ஒரு ஃபைல் (ஜாதகம்). கௌரி அக்கா அந்த ஃபைலைப் பார்த்தார், இதுவும் கம்பெனி விசாரணைதான் என்று முடிவு கட்டினார். ஒரு தடவை ஏமாந்தவர் மறுபடி ஏமாறுவாரா?

"வயசு இருவத்தாறு. படிப்பு ஒம்பதாவது, அதுக்கு மேல ஒரு கிளாஸ் கூட கெடையாது. நைட் ஷிப்ட்டுன்னா முணுமுணுக்காம போவா. ஓ.டி.க்குக் கூப்பிட்டா வருவா. சேஃப்டி ஷூ போடாம லைனுக்குள்ள கால் வைக்க மாட்டா. பாட்டு வராது. சொம்மா சொம்மா பயப்படுவா, அது ஒண்ணுதான் கொறை. தாராளமா எடுத்துக்கலாம்."

வந்த அம்மாள் எழுந்து போகவில்லை. இத்தனை தெருவில் விசாரித்ததில் பெண்ணுக்கு ஒரு குறையாவது சொன்னது இந்த ஒரு வாய்தான், மீதியையும் நம்பலாம் என்று அங்கேயே முடிவு பண்ணிவிட்டாராம். அவர்தான் என் மாமியார். வீட்டுக்கு யார் வந்தாலும், "எங்க மருமக சேஃப்டி ஷூ இல்லாம லைனுக்குப் போக மாட்டா," என்றுதான் என்னை இன்றைக்கும் அறிமுகப்படுத்துகிறார்.

வீட்டுக்காரர் அவருக்கு மேல். "கொழம்பு எப்டி கீது?" என்று கேட்டால் சாதாரணமாகப் பதில் வராது. ஒரு வாய் சாப்பிட்டு, நிதானமாக என்னைப் பார்த்துவிட்டுக் கேட்பார்:

"வேலைக்குச் சொல்லணுமா, கல்யாணத்துக்குச் சொல்லணுமா?"