மூக்கனுக்குப் போட்ட ரொட்டி

மேற்பிரிவு, தலவாக்கலை
பங்குனி, 1961

பட்டிப்பொலையில் ரயில் பாதை வேலை பார்க்கும் அன்பும் மதிப்புமுள்ள மச்சான் செல்லசாமி அவர்களுக்கு, உங்கள் தங்கை சண்முகவடிவின் வீட்டுக்காரன் சோலைமலை கும்பிட்டு எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் வடிவும் பிள்ளைகளும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் குளிருக்குக் கம்பளி போட்டுக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் மட்டும் நலமாக இல்லை. காய்ச்சல் கிடையாது, சளி கிடையாது, மூக்கன்தான்.

எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கடைசிக் காம்பராவில் இருக்கிறானே, தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற மூக்கன், அவனேதான். போன தீபாவளிக்கு நீங்கள் வந்தபோது தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்து கிடந்து உங்களை ஸ்டேசன் மாஸ்டர் என்று கூப்பிட்டானே. அவன் குடி தாங்காமல் அவன் பெண்சாதி ராக்காயி அட்டன் பக்கம் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அழகுமுத்து அண்ணன் அவனைப் பிடித்துக்கொண்டார். அவரும் ஒரு காலத்தில் மொடாக் குடிகாரர்தான். தான் குடியை விட்ட பிறகு, விட நினைக்கிறவர்களைச் சேர்த்துக்கொண்டு, சாயந்தரம் சாராயத் தவறணை திறக்கிற நேரமாகப் பார்த்து, பகலில் கைப்பிள்ளைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவில் உட்காருகிறார். புத்திமதி ஒன்றும் சொல்வதில்லை. தாயம் விளையாடுவார்கள், கதை பேசுவார்கள், யாருக்காவது கை நடுங்கினால் பக்கத்தில் இருப்பவன் அந்தக் கையைப் பிடித்துக்கொள்வான். சம்பளத்தன்று டவுனுக்குப் போனால் குடியை விட்டவன் ஒருவன் முன்னால், இன்னொருவன் பின்னால், நடுவில் மூக்கன், மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி.

இதுவரை எனக்கும் சந்தோசம்தான் மச்சான். ஆனால் அதன் பிறகு லயமே அவனுக்குச் சேவகம் செய்ய ஆரம்பித்துவிட்டது. தவறணை வழியாக வரக்கூடாது என்று கங்காணி அவனுக்கு மேல் மலையில் வேலை மாற்றிக் கொடுத்தார். பொம்பளைகள் முறை வைத்துப் பாலில்லாத சாயத்தண்ணியும் ரொட்டியும் கொண்டுபோகிறார்கள். உங்கள் தங்கை முறை வந்த அன்று அவள் சுட்ட ரொட்டியில் தேங்காய்ப்பூ போட்டிருந்தாள், மச்சான், தேங்காய்ப்பூ! எனக்கு வெறும் மாவும் உப்பும். கேட்டதற்கு, "அந்த மனுசன் எம்புட்டுக் கஷ்டப்பட்டுக் குடிய விட்டிருக்காரு, ஒங்களுக்கென்ன?" என்கிறாள். அவன் ஒரு மாதம் தாண்டியதற்குக் கோவிலில் தேங்காய் உடைத்தார்கள். பிறந்ததிலிருந்து ஒரு சொட்டுத் தொடாத எனக்கு யாராவது ஒரு வெத்தலையாவது மடித்துக் கொடுத்தார்களா?

பொறுக்க முடியாமல் ஒருநாள் நானும் பிள்ளைக் காம்பராவுக்குப் போய் உட்கார்ந்தேன். அழகுமுத்து அண்ணன் மரியாதையாகத்தான் கேட்டார்.

"தம்பி எதை விட்டீங்க?"

"மூக்குப்பொடிங்கண்ணே."

சிரிப்பை அடக்க முடியாமல் ஒருவன் எழுந்து வெளியே போனான். "இது சாராயத்துல அடிபட்டவங்க உக்கார்ற எடம், தம்பி. வெளியில இருந்து ஒத்தாச பண்ணுங்க, அதுவும் பெரிய காரியந்தான்," என்று அண்ணன் அனுப்பிவிட்டார்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. குடித்தால்தானே விட முடியும்? ஒரு தடவை குடித்து, லயத்தார் கண்ணில் பட்டு, மறுநாளே விட்டுவிடுவது என்று தீர்மானித்து, சம்பளத்தன்று சாயந்தரம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தவறணைக்குப் போனேன். உள்ளே கடைசி வாங்குப் பலகையில் மூக்கன் உட்கார்ந்திருந்தான். அழகுமுத்து அண்ணன் அன்று காய்ச்சலில் படுத்துவிட்டார். மற்றவர்களிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு இவன் தனியாக நழுவி வந்திருக்கிறான். முன்னால் கிளாஸ் நிறையச் சாராயம். இன்னும் வாய் வைக்கவில்லை.

பொய் சொல்ல மாட்டேன் மச்சான், எனக்கு முதலில் சந்தோசம்தான் வந்தது. ஒழிந்தான் என்று நினைத்தேன். கிட்டப் போய், "ஏன்டா?" என்றேன்.

"ராக்காயி வரமாட்டேன்னு சொல்லிப்புட்டாண்ணே. இதோட எத்தன வாட்டி விட்டுட்டேன்னு சொன்னவன், இப்ப மட்டும் எப்புடி நம்புறதுன்னு கேட்டாளாம். நெசந்தானேண்ணே. இனி யாருக்காக?"

கிளாசை எடுத்தான். அவன் முகத்தைப் பார்த்தேன். கானுக்குள் விழப்போகிறவன் முகம் இல்லை அது, கிணற்றுக்குள் விழப்போகிறவன் முகம். கிளாசைப் பிடுங்கி ஒரே மூச்சில் நானே குடித்துவிட்டேன்.

தேயிலை ஸ்டோரில் கொழுந்து காய வைக்கிற அடுப்பை நெருப்போடு விழுங்கினது போல் இருந்தது. அதற்குப் பிறகு என் கால்கள் எனக்குச் சொந்தமில்லை. "அண்ணே, என்னண்ணே பண்ணிப்புட்டீங்க!" என்று மூக்கன் அழுததும், என்னைத் தோளில் போட்டுக்கொண்டதும்தான் நினைவிருக்கிறது. வழியில் வேலை மேற்பார்க்கிற கண்டாக்கையாவை மாப்பிள்ளை என்று கூப்பிட்டேனாம். லயமே வாசலில் நின்றது. "பாருங்கடி, குடிகாரனத் தூக்கிட்டு வர்றாரு, தான் ஒரு சொட்டுத் தொடல! தங்கமான மனுசன்!" என்று அவனுக்குத்தான் பாராட்டு. நடந்ததை நான் மறைத்துவிட்டேன். சொன்னால் அவன் பெயர் போய்விடும்.

ஆனால் மறுநாள் அவனே பிள்ளைக் காம்பராவுக்குப் போய் எல்லார் முன்னாலும் உள்ளதைச் சொல்லிவிட்டான். சரி, இனிமேலாவது என் பெருமை வெளியே வரும் என்று முகம் கழுவித் தலை சீவிக்கொண்டு காத்திருந்தேன். அங்கே ஒருவரும் அவனைத் திட்டவில்லையாம். தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்களாம். காய்ச்சலோடு வந்த அழகுமுத்து அண்ணன், "தவறணை வாசல் வரைக்கும் போயித் திரும்பி வந்தவன் நீ ஒருத்தன் இல்ல, நாங்க அத்தன பேருந்தான்," என்றாராம். லயத்தில் பேச்சு என்ன தெரியுமா? "உண்மையச் சொல்ல எம்புட்டுத் தைரியம் வேணும்!" அதற்கும் அவனுக்கே பெயர். அவனைப் பார்த்து ஏன் தவறணைக்குப் போனாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. வடிவு மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைக் கேட்கிறாள்: "அது சரி, நீங்க அங்க எதுக்குப் போனீங்க?"

ஆகையால் இந்தத் தோட்டத்தில் இனி எனக்கு மரியாதை இல்லை. பட்டிப்பொலையில் ரயில் பாதைக்கு ஆள் எடுத்தால் உடனே சொல்லியனுப்புங்கள். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு முத்தமும் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் எந்நாளும் விளக்கு எரியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான் சோலைமலை

பி.கு. கடிதத்தை ஒட்டப்போகும்போது தோட்டத்துக் கீழ்ப்பிரிவிலிருந்து ஒருவர் மழையில் நனைந்து வந்து வாசலில் நின்றார். மூக்கனைத் தேடுகிறார் என்று நினைத்துக் கடைசிக் காம்பராவைக் காட்டினேன். "இல்லீங்க, அடுத்தவன் கையில இருந்ததப் புடுங்கிக் குடிச்சவரு இங்கதான இருக்காரு? எனக்கு இன்னைக்கி மனசு ஒரு நெலயில இல்லீங்க. அவரு கொஞ்ச நேரம் எங்கூட இருப்பாரா?" என்றார். அதனால் ரயில் பாதை வேலை பற்றி யாரிடமும் பேசிவிடாதீர்கள். அவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார், நான் போகவேண்டும். மூக்கன் தானும் வருவதாகச் சொன்னான். இவர் என்னைத் தேடி வந்தவர், நீ உன் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டேன்.