சைக்காலின் காலிக் காதுகள்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய குல்பாரா அண்ணிக்கு, உங்கள் நாத்தனார் புருல் வணக்கத்துடன் எழுதுவது.

இன்று காலை எழுந்ததும் முதல் காரியமாக என் காலணிகள் இரண்டையும் கவிழ்த்துத் தட்டி, உள்ளே ரத்தம் உறிஞ்சும் அட்டை இருக்கிறதா என்று பார்த்தேன். இரண்டாவது காரியமாகச் சைக்காலின் காதைப் பார்த்தேன். காலணியில் அட்டை இல்லை. காதில் கம்மல் இருந்தது. நேற்றும் இருந்தது, முந்தாநாளும் இருந்தது. தூங்கி எழுந்தால் இல்லாமல் போயிருக்கும் என்று தினமும் நம்பிப் படுக்கிறேன்.

நலம் விசாரிக்காமல் கம்மலில் தொடங்கிவிட்டேன், மன்னியுங்கள். நீங்கள் நலமா, அண்ணன் நலமா, ஆடுகள் நலமா, சாம்பல் குதிரை குட்டி போட்டதா, குட்டி எழுந்து நின்றதா? இலங்கைக் காடுகளின் செடிகொடிகளைப் பார்க்க நான் கூட்டிவந்த கல்லூரிப் பிள்ளைகள் ஆறு பேரும், அவர்களில் ஒருத்தியான உங்கள் மகள் சைக்காலும், நானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உடம்புக்கு என்று மட்டும்தான் சொன்னேன்.

நேற்று நீங்கள் அனுப்பிய குரல் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். "யாரைக் கேட்டு என் பொண்ணு காதுல கம்மல் போட விட்டே? டாக்டர் வீட்டுக்கு நாங்க என்ன பதில் சொல்றது?" என்று நீங்கள் கத்துவதும், பின்னாலிருந்து அண்ணன் "இன்னும் சத்தமா கேளு" என்று எடுத்துக்கொடுப்பதும் தெளிவாகக் கேட்டது. கோபம் நியாயம்தான். நாங்கள் நம் மலையூர் நரினுக்குத் திரும்பிய மறுநாளே கால்நடை மருத்துவர் ஷார்ஷென்னின் மனைவி தன் மகனுக்காகச் சைக்கால் காதில் கம்மல் போட்டு நிச்சயம் செய்வதாகப் பேச்சு. அண்ணனும் ஷார்ஷென்னும் மீன் பிடிக்கப் போன இடத்தில் கைகொடுத்து முடித்த பேச்சு. "செடி கொடி படிச்சு என்ன ஆகப்போகுது, படிச்ச வரைக்கும் போதும்" என்று அந்த அம்மா சொன்னதால் மீதி மூன்று வருடப் படிப்பையும் விட்டுவிடுவதாக ஒப்புக்கொண்டாயிற்று. புறப்படும் முன் அவளுடைய பழைய கம்மலை நீங்களே கழற்றி எடுத்துக்கொண்டீர்கள், "காது காலியா இருக்கட்டும்" என்று. ஒரு வீட்டம்மா கம்மல் போட்டுவிட்டால் பெண் அந்த வீட்டுக்குப் போனவள், அதற்குமேல் இன்னொரு வீட்டுக்காரர் வாய் திறக்க முடியாது. அப்படியிருக்க இங்கே ஒரு அம்மாள் முந்திக்கொண்டார். ஃபோனில் சொல்லலாம் என்றால் மழைக்குப் பேச்சு பாதியிலேயே அறுந்துவிடுகிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கட்டும்.

எல்லாம் தேநீரில் தொடங்கியது. காட்டோரத்துக் கிராமம் ஒன்றில் சோமாவதி அம்மாள் என்பவர் வீட்டில் எங்களுக்குத் தங்க ஏற்பாடு. கொட்டும் மழையில் வேனை விட்டு இறங்கி, நம் தெரு எர்மெக் தன் காலில் ஒட்டிய அட்டைகளுக்கெல்லாம் கல்லூரி வாத்தியார்களின் பெயரை வைத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தபோது, அம்மாள் ஒரு தட்டு நிறையக் கோப்பைகளோடு வந்தார். அண்ணி, எப்படிச் சொல்வேன், ஒவ்வொரு கோப்பையும் விளிம்புவரை. தளும்பத் தளும்ப. நம் ஊரில் அப்படி ஊற்றினால் 'குடிச்சுட்டுக் கிளம்பு' என்றுதானே பொருள்? மின்சாரக் கணக்கெடுக்க வந்து ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் உட்கார்ந்திருந்தாரே ஒருவர், அவருக்குக்கூட நீங்கள் அரைக் கோப்பைக்கு மேல் ஊற்றியதில்லை. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். "அக்கா, நாம என்ன தப்பு பண்ணோம்? வந்து அஞ்சு நிமிஷம்கூட ஆகலையே" என்று மீரிம் அழாக்குறையாகக் கேட்டாள். "இவன் அட்டைக்குப் பேர் வச்சது அவங்களுக்குப் புரிஞ்சிருக்கும்" என்றாள் சைக்கால். நல்ல வீட்டுப் பிள்ளைகள் அல்லவா, ஒரு வார்த்தை பேசாமல் நாக்கு வெந்துபோகக் குடித்தார்கள், நம் வழக்கப்படி கையேந்தி ஆசி சொன்னார்கள், முகத்தைத் தடவிக்கொண்டார்கள், பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக மழையில் இறங்கினார்கள். நான் கடைசியாக இறங்கினேன். அம்மாள் குடைகூட எடுக்காமல் பின்னாலேயே ஓடிவந்தார். பாவம், தேநீர் எங்கள் வாய்க்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துவிட்டார். கையைப் பிடித்து இழுத்துப்போய் உட்காரவைத்து, இந்தத் தடவை சீனியைக் கூடப் போட்டு, அடித்தட்டிலும் வழியும்படி ஊற்றினார். "இப்ப இன்னும் கோவமா இருக்காங்க" என்றான் எர்மெக். மறுபடி குடித்தோம், மறுபடி ஆசி, மறுபடி மழை.

மூன்றாம் தடவை நாங்கள் வாசலைத் தாண்டும்போது வேன் ஓட்டுநர் உபாலி குறுக்கே வந்து நின்றார். இந்த உபாலியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடற்கரையில் ரஷ்யாக்காரர்களுக்குச் சங்கும் துண்டும் விற்றே, நமக்கும் தெரிந்த ரஷ்ய மொழியைக் கற்றவர். எங்களுக்கும் இந்த ஊருக்கும் நடுவே இருந்த ஒரே வாய் அவருடையதுதான், ஆனால் அந்த வாய் எதைச் சொன்னாலும் கடை வாசலில் நின்று கூப்பிடுவது போலவே இருக்கும். "மேடம், ஏன் போறீங்க? உள்ள வாங்க, பாத்துட்டுப் போங்க!" என்றார். கோப்பை நிறைய ஊற்றினார்களே என்றேன். "இங்க ஃபுல்லாதான் குடுப்போம். அரை கப் குடுத்தா அது கஸ்டமரை ஏமாத்துற மாதிரி!" என்றார். ஒரு வழியாக உள்ளே போய்த் தலை துவட்டினோம்.

இதோடு முடிந்திருக்கும். நான்தான் மறுநாள் காலையில் அந்த அம்மாளுக்குப் பதில் மரியாதை செய்யப் போய்க் கெடுத்தேன். அவர் அடுப்படியில் நானே தேநீர் போட்டு, நம் வழக்கப்படி இருக்கிறதிலேயே உயர்ந்த மரியாதையாக, கோப்பையின் அடி நனையும் அளவுக்கு ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் கோப்பைக்குள் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. உபாலியிடம் ஏதோ தழுதழுத்த குரலில் சொன்னார். உபாலி என்னிடம், "மேடம், அம்மா கேக்குறாங்க, ஸ்டாக் தீந்துபோச்சான்னு" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டு, முந்தின நாள் நாங்கள் ஏன் மழையில் ஓடினோம், இன்று ஏன் சொட்டு ஊற்றினேன் எல்லாவற்றையும் விளக்கினேன். அது எந்த உருவத்தில் போய்ச் சேர்ந்ததோ தெரியாது, அம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணைத் துடைத்தார், என்னைக் கட்டிக்கொண்டார். அப்படிக் கட்டிக்கொண்டபோதுதான் என் தோளுக்குப் பின்னால் ஈரத் தலையைத் தூக்கிக் கட்டி நின்றிருந்த சைக்காலைப் பார்த்தார். இரண்டு காதிலும் ஓட்டை இருக்கிறது, ஓட்டையில் ஒன்றும் இல்லை. "ஐயோ" என்றார். நம் இரண்டு ஊருக்கும் பொதுவான வார்த்தை அது ஒன்றுதான் போலிருக்கிறது. உள்ளே போய் ஒரு சின்ன டப்பாவோடு வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் சிவப்புக் கல் வைத்த கம்மல் இரண்டு காதிலும் ஏறிவிட்டது. சைக்கால் மயிர் கத்தரிக்க உட்கார்ந்த ஆடு மாதிரி அசையாமல் இருந்தாள். அம்மாள் அவள் கன்னத்தைத் தடவி ஏதோ சொன்னார். உபாலி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மொழிபெயர்த்தார்: "இந்தப் பொண்ணு இனிமே எங்களுது. ஒரு தடவ போட்டா திருப்பி எடுக்க மாட்டோம்."

அவ்வளவுதான், வீடு ரெண்டுபட்டது. எர்மெக் "சம்பந்தி! சம்பந்தி!" என்று கூவினான். மீரிம் எங்கிருந்தோ வெள்ளைத் துணி ஒன்றைக் கொண்டுவந்து மணப்பெண் முக்காடு என்று சைக்கால் தலையில் போட்டாள். அது அம்மாளின் மேசை விரிப்பு என்று பிற்பாடுதான் தெரிந்தது. அண்ணி, சம்பந்தி என்ற சொல் காதில் விழுந்ததும் என் கை தானாகப் போய்விட்டது. பெண் வீட்டுப் பெரியவள் என்று அங்கே இருந்தது நான் ஒருத்திதானே, சம்பந்தியம்மாவுக்கு அங்கி போர்த்தாமல் நின்றால் நம் குடும்பத்துக்கு என்ன மரியாதை? கொழும்புப் பல்கலைக்கழகப் பெரியவர் யாருக்காவது கொடுக்கலாம் என்று கொண்டுவந்திருந்த அந்த வெல்வெட் அங்கியை, கணுக்கால் வரை வருமே, பஞ்சு வைத்துத் தைத்தது, அதை அவருக்கு மாட்டிக் கழுத்துப் பித்தானையும் போட்டுவிட்டேன். அந்த நேரம் பார்த்து அவர் கணவர் குணதாச மிளகுக் கூடையோடு உள்ளே வந்தார். எர்மெக் தன் வெள்ளைக் கம்பளித் தொப்பியை, முழ உயரத் தொப்பியை, அவர் தலையில் வைத்துவிட்டான். இந்த ஊர் வெக்கையில் நம் பிள்ளைகள் பனியனையே பாரமாக நினைக்கிறார்கள். அம்மாளோ கொடுத்த மரியாதையைக் கழற்றக் கூடாது என்று அந்த அங்கியோடு அன்றைக்குப் பூராவும் தேங்காய் துருவினார், சோறு வடித்தார், வியர்வை ஆறாக ஓடச் சிரித்துக்கொண்டே இருந்தார். குணதாச தொப்பியோடு சந்தைக்குப் போய்வந்தார். அதைப் பார்த்த நாலு பேர் விலை கேட்டார்களாம், உபாலி முன்பணம் வாங்கலாமா என்று என்னைக் கேட்கிறார். சீர் என்று ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று நீங்கள் உருட்டிக் காயவைத்துத் தந்த உப்புத் தயிர் உருண்டைகளையும் கொடுத்தேன். அந்துருண்டை என்று நினைத்துச் சேலைகளுக்கு நடுவில் வைத்துவிட்டார். பூச்சி வரவில்லையாம், உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

மாப்பிள்ளை யார் என்று நான் கேட்காமல் இல்லை. கூடத்துச் சுவரில் ஒரு புகைப்படம் தொங்குகிறது. வெள்ளைச் சீருடை, அரும்பு மீசை, பின்னால் கப்பல். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறான். அதைக் காட்டி, "பையன் எங்கே?" என்று உபாலியிடம் கேட்டேன். "கடல், மேடம். கடல் ரொம்ப அழகு" என்றார். எர்மெக் அந்தப் படத்தையும், அங்கி போட்ட அம்மாளையும், கம்மல் போட்ட சைக்காலையும் பிடித்து, 'மாப்பிள்ளை கப்பல்காரர்' என்று எழுதி நம் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும்.

கவலைப்படாதீர்கள். இன்று மத்தியானம் கம்மலைக் கழற்றி, தட்டில் ரொட்டியும் சர்க்கரையும் வைத்து, முறைப்படி திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். உங்கள் மகளைக் காலிக் காதோடு கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு. ஷார்ஷென் வீட்டார் விருந்துக்குக் கட்டி வைத்திருக்கும் ஆட்டை அவிழ்த்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் அடுப்பில் தீயும் வாசலில் விருந்தும் கொட்டிலில் குட்டிகளும் குறையாதிருக்கட்டும். எந்த வீட்டுக்குப் போனாலும் உங்கள் கோப்பை பாதியாகவே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்
புருல்

பின்குறிப்பு: இந்தத் தாளை உங்கள் கைபேசிக்கு மட்டும் அனுப்புகிறேன். அண்ணனைக் குதிரைக்குத் தண்ணீர் காட்ட அனுப்பிவிட்டுப் படியுங்கள். மேலே எழுதியது எதுவும் இனிச் செல்லாது.

மத்தியானம் தட்டோடு போனேன். எதற்கும் இன்னொரு முறை என்று, சுவரிலிருந்த படத்தைக் காட்டி, "உங்க மகன் எப்ப வருவார்?" என்று கேட்டேன். அம்மாள் விழித்தார். பிறகு கணவரைக் கூப்பிட்டு, அந்தக் கம்பளித் தொப்பியைக் கழற்றி, அவர் மூக்குக்குக் கீழே தன் கறிச்சட்டிக் கரியை விரலால் தொட்டு ஒரு மீசை இழுத்தார். படத்தில் இருப்பது குணதாசதான், அண்ணி. இளவயதில் கப்பலில் சமையல்காரராக இருந்தாராம். அவர்களுக்கு இரண்டு மகள்கள், இருவரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். மகனே கிடையாது.

திரும்பிப் பார்த்தேன். சைக்கால் சன்னலோரப் பெரணிச் செடி ஒன்றை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமாடி?"

"கம்மல் போட்ட அன்னிக்கே தெரியும் அத்தை. ஃபோன்ல மொழிபெயர்த்து அவங்ககிட்டயே கேட்டேன்." எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை பாருங்கள்.

"அப்புறம் ஏன் வாயை மூடிக்கிட்டு இருந்தே?"

"நீங்க எல்லாரும் அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க." கொஞ்ச நேரம் செடியின் இலையை நீவிக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னைப் பார்க்காமலே கேட்டாள்: "அத்தை, ஒரே காதுல ரெண்டு வீட்டுக் கம்மல் போட முடியாதுல்ல?"

தட்டிலிருந்த ரொட்டியைப் பிய்த்து நானே தின்றேன். இங்கே வந்த நாளிலிருந்து அவளைப் பார்க்கிறேன், அண்ணி. மற்ற பிள்ளைகள் அட்டைக்குப் பயந்து குதித்து நடக்கும் காட்டில், இவள் குப்புறப் படுத்துப் பாசியைப் பார்க்கிறாள். கழுத்தில் அட்டை ஊர்வது நாங்கள் சொன்னால்தான் தெரிகிறது. உங்களைப் பற்றியும் யோசித்தேன். அவள் பழைய கம்மலைக் கழற்றும்போது நீங்கள் கண்ணைத் துடைத்தீர்கள். என்ன அண்ணி என்றதற்கு, வெங்காயம் நறுக்கினேன் என்றீர்கள். அன்றைக்கு நம் வீட்டில் வெங்காயமே இல்லை. கடைக்குப் போய் வாங்கிவந்ததே நான்தான், அதுவும் சாயங்காலம்.

ஆகவே ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். கம்மல் காதிலேயே இருக்கட்டும், அங்கி அம்மாளிடமே இருக்கட்டும். ஊருக்கு வந்ததும் ஷார்ஷென் மனைவியிடம் நானே போய்ச் சொல்வேன், எங்களை மன்னிச்சுக்குங்க, கை மீறிப் போச்சு, மாப்பிள்ளை தங்கமானவர், படத்தைத்தான் பாத்தீங்களே என்று. இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, சைக்காலிடம்கூட. மாப்பிள்ளை கப்பலில் போயிருக்கிறார். கப்பல் கரைக்கு வர மூன்று வருடம் ஆகும். போதாவிட்டால் இன்னும் கொஞ்சம் சுற்றட்டும். கடல் பெரியது, அண்ணி.